மாலை போட்டா விட முடியுது, கழட்டினா முடியலீங்க

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல கார்டிங் செக்ஷன்ல, அதாவது பஞ்சைச் சீவிப் பிரிக்கற எடத்துல வேலை பாக்கற வாசகர் ஒருத்தர் எழுதியிருக்காருங்க. வயசு 43. ஒரு நாளைக்கு 12ல இருந்து 15 சிகரெட், கைல காசு இல்லாத வாரம் பீடி. எந்திரிச்சதும் பல்லு வெளக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு வேணும். போன மாசம்தான் சுகர் இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. வருசா வருசம் சபரிமலைக்கு மாலை போடறவரு, அந்த 48 நாளும் ஒண்ணு கூட தொடறதில்ல, ஆனா மாலையக் கழட்டின ரெண்டாம் நாளே மில்லு கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடையில மறுபடியும் ஆரம்பிச்சுடுதாம். "சாமிக்குப் பயந்து விட முடியுது, பொண்டாட்டி புள்ளைக்காக விட முடியலியே, நானெல்லாம் என்ன மனுசனுங்க? சிகரெட்ட விட முடியலைன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா சிரிக்க மாட்டாங்களா? இதுக்குன்னு ஆளு இருக்காங்களா? மெடிக்கல்ல விக்கற சூயிங்கம் வேலைக்கு ஆகுமா? பெருசா செலவு பண்ற நெலமையில இல்லீங்க"ன்னு கேட்டிருக்காரு.

சிரிக்க மாட்டாங்க. அதை மொதல்ல சொல்லிடறேன். நெஞ்சு நோய் ஓபியில உக்காந்திருக்கற எங்களுக்கு, இருமல் முத்தி மூச்சு வாங்கி ஆக்சிஜன் சிலிண்டரோட வர்றவங்களைப் பாத்துப் பாத்து மனசு கனத்துப் போயிருக்கு, அதுக்கெல்லாம் முன்னாடியே ஒருத்தர் வந்து "இதை விடணுமுங்க, உதவி பண்ணுங்க"ன்னு கேட்டா அன்னைக்கு எங்களுக்கே ஒரு தெம்பு வருமுங்க. நீங்க தைரியமா போங்க.

இப்ப உங்க லெட்டருக்கு வர்றேன். நீங்க வெக்கப்பட்டு எழுதியிருக்கற அந்த 48 நாள்தான் இதுல எனக்கு முக்கியமா படுது. நிகோடின் இல்லாம ஒடம்பு படற பாடு, அந்த எரிச்சல், தூக்கம் வராதது, கவனம் நிக்காதது, சும்மா சும்மா பசிக்கறது, இதெல்லாம் மொத ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போகும், அப்புறம் ரெண்டு வாரம் நாலு வாரத்துல படிப்படியா அடங்கிடும். அப்ப 48 நாள்ங்கறது அந்தக் கஷ்டத்தை முழுசா தாண்டி வந்த கணக்கு. வருசா வருசம் நீங்க சிகரெட்ட நெஜமாவே விட்டிருக்கீங்க. மறுபடி ஆரம்பிக்கறது ஒடம்பு கேக்கறதால இல்லீங்க.

அப்புறம் எதனாலன்னு யோசிங்க. மாலை போட்ட அன்னைக்கு என்னென்ன நடக்குது? நாள் முன்னாடியே குறிச்சாச்சு. ஊட்டுல தெரியும், மில்லுல தெரியும், ஊருக்கே தெரியும். உங்களை எல்லாரும் சாமின்னு கூப்புடறாங்க, ஒரு பய சிகரெட்ட நீட்ட மாட்டான். டீக்கடை அண்ணனே குடுக்க மாட்டாரு. தண்ணி போடற எடத்துக்கு நீங்களும் போறதில்ல, அவங்களும் கூப்புடறதில்ல. வெடியால எந்திரிச்சு பச்சத்தண்ணியில குளிக்கறீங்க, சாப்பாடு மாறுது, பொழுதோட பஜனைக்குப் போறீங்க, கூட இன்னும் பத்து சாமிங்க இருக்காங்க, சந்தேகம்னா கேக்கறதுக்கு குருசாமி இருக்காரு. சிகரெட்ட விடறவங்களுக்கு என்ன உதவி வேணும்னு எங்களைக் கேட்டா நாங்க சொல்றதும் இதேதாங்க: தேதி, சுத்தி நிக்கற ஆளுங்க, தப்பிக்க ஒரு வழி, கூப்பிட்டா பேசறதுக்கு விசயம் தெரிஞ்ச ஒருத்தர். மாலையக் கழட்டின அன்னைக்கு இத்தனையும் ஒரே நாள்ல போயிடுது. நீங்க அதே ஆளு, அதே மனசு, ஆனா தொணைக்கு யாருமே இல்லாம அதே டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கீங்க. இதுல உங்க பாசத்துல என்ன கொறை கண்டீங்க? பொண்டாட்டி புள்ள மேல பாசம் இல்லாததால பிடிக்கறேன்னு நெனைக்கறதை இன்னையோட நிறுத்திக்கங்க, அந்த நெனப்பே இன்னொரு சிகரெட்டுக்கு இழுத்துட்டுப் போகும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குல, எந்த உதவியும் இல்லாம விடப் பாக்கறவங்கள்ல 100க்கு 4 பேரு பக்கம்தான் ஜெயிக்கறாங்க. கவுன்சிலிங்கும் சரியான மருந்தும் இருந்தா அந்த வாய்ப்பு ரெண்டு மடங்குக்கு மேல ஏறுது. "மனசு வெச்சா விட்டுடலாம்"னு சொல்றவங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா அதைக் கேட்டுட்டு தனியா மல்லுக்கட்டினவங்கதான் அந்த மிச்ச 96 பேரும்.

சரி, உதவி எங்க இருக்குன்னு பாப்போம். மொத உதவி உங்க அங்கராக்கு ஜோப்புலயே இருக்குங்க. சிகரெட் டப்பா மேல படத்துக்குப் பக்கத்துல ஒரு நம்பர் அச்சடிச்சிருப்பாங்க, 1800-11-2356. 2018ல இருந்து எல்லா டப்பாலயும் போடணும்னு சட்டம். சில்லறையா ஒண்ணு ரெண்டுன்னு வாங்கறதால உங்க கண்ணுல படாம போயிருக்கும், இங்க பாதிப் பேரு அப்படித்தானே வாங்கறோம். அது மத்திய அரசு நடத்தற லைன், காசு கெடையாது. டெல்லியில ஆரம்பிச்சு அப்புறம் பெங்களூரு நிமான்ஸ் ஆஸ்பத்திரியிலயும் சேத்து வெச்சதால தமிழ்லயே பேசலாம். காலைல 8 மணியில இருந்து ராத்திரி 8 மணி வரைக்கும், திங்கக்கெழமை மட்டும் லீவு. லைன் உடனே கெடைக்கலைன்னா கொஞ்சம் விட்டு மறுபடி போடுங்க. ஒரு தடவை பேசி வெச்சுடறதோட முடியறதில்ல, எவ்வளவு பிடிக்கறீங்க, எப்பப்ப பிடிக்கறீங்கன்னு கேட்டு, உங்களையே ஒரு தேதி சொல்லச் சொல்லி, அந்தத் தேதிக்கு அப்புறம் அவங்களே கூப்பிட்டு எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. குருசாமி எடத்துல ஒரு ஆளு வேணும்னு சொன்னேனே, அதுக்கு இவங்க ஆவாங்க. நைட் ஷிப்ட்ல நடுராத்திரி ஒரே படபடப்பா இருக்கு, மனசு ஒடஞ்சு போகுதுன்னா அப்ப இந்த லைன் இருக்காது, அப்ப 14416 போடுங்க, டெலி மானஸ்ன்னு மனநல உதவி லைன், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசலாம்.

ரெண்டாவது, நேர்ல பாக்கறது. மில்லுல உங்க சம்பளத்துல இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக் காசு புடிக்கறாங்கன்னா அந்தக் கார்டை எடுத்துட்டு இஎஸ்ஐ டாக்டர்கிட்ட போங்க, தேவைப்பட்டா அவங்களே கோயமுத்தூர் இஎஸ்ஐ மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க. இஎஸ்ஐ இல்லைன்னா திருப்பூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, இல்ல கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி. ஈரோடு பக்கத்து ஆளுங்க யாராச்சும் இதைப் படிச்சா பெருந்துறை மெடிக்கல் காலேஜ், நம்ம பெரியவங்க இன்னமும் சானிடோரியம்னு சொல்றாங்களே அதேதான். தேசிய புகையிலை கட்டுப்பாட்டுத் திட்டத்துல மாவட்ட அளவுல இதுக்குன்னே மையம் வெச்சு கவுன்சிலிங் குடுக்கற ஏற்பாடு இருக்கு. ஓபி சீட்டு போடற எடத்துல "பீடி சிகரெட் நிறுத்தறதுக்கு கவுன்சிலிங் எங்கீங்க"ன்னு கேளுங்க, அவங்களுக்குத் தெரியலைன்னா நெஞ்சு நோய் பிரிவுக்கோ மனநலப் பிரிவுக்கோ சீட்டு போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. மனநலப் பிரிவுன்னதும் யாராச்சும் பாத்துடுவாங்களோன்னு தயங்காதீங்க, பழக்கத்தை விட வெக்கற மருந்தைப் பத்தி நல்லாத் தெரிஞ்சவங்க அங்கதான் இருக்காங்க. எப்படியும் சுகருக்கு மாசாமாசம் மாத்திரை வாங்கப் போவீங்க, அன்னைக்கே இதையும் கேட்டுட்டா ஒரு நாள் லீவு மிச்சம்.

இப்ப சூயிங்கம். இதைக் கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன், ஏன்னா பாதிப் பேரு இதைத் தப்பா மென்னுட்டு "அது வேலைக்கு ஆகலீங்க"ன்னு விட்டுடறாங்க. நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம்னு ரெண்டு அளவுல வருது. 2 மில்லி மெடிக்கல்ல சீட்டு இல்லாமயே குடுப்பாங்க, 4 மில்லிக்கு டாக்டர் சீட்டு வேணும். எந்திரிச்ச அரை மணி நேரத்துக்குள்ள மொத சிகரெட் பிடிக்கறவங்களுக்கு பழக்கம் ஆழமா இருக்குன்னு அர்த்தம், நீங்க பல்லு வெளக்கறதுக்கு முன்னாடியே பிடிக்கறவரு, அதனால 2 மில்லியை நீங்களா வாங்கி மென்னு பத்தாம போயி மருந்தைத் திட்டறதுக்குப் பதிலா டாக்டரைப் பாத்துட்டே வாங்குங்க. மெல்லற மொறை இதுதான்: வாயில போட்டு மெதுவா மெல்லுங்க, மொளகு கடிச்ச மாதிரி ஒரு சுருக்குன்னு வரும், வந்ததும் நிறுத்திட்டு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வெச்சுக்கங்க. அந்தச் சுருக்கு போனதும் மறுபடி ரெண்டு மெல்லு, மறுபடி ஒதுக்கு. அரை மணி நேரம் இப்படி ஓட்டணும். சாதா பபுள்கம் மாதிரி சவச்சு எச்சிலோட முழுங்கினா நிகோடின் வயித்துக்குப் போயி விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம், ரத்தத்துல ஏற வேண்டியது ஏறாது. மெல்லறதுக்கு கால் மணி நேரம் முன்னாடியும், மெல்லும்போதும் டீ, காபி, சோடா, கலர் எதுவும் கூடாது, அதெல்லாம் வாயில நிகோடின் எறங்கறதைக் கெடுத்துடும். டீக்கடையில டீயைக் குடிச்சுட்டே மெல்லறவங்களுக்குத்தான் இது "வேலை செய்யாம" போறது. மொத ஆறு வாரம் ஒரு மணி ரெண்டு மணிக்கு ஒண்ணு, அப்புறம் மெல்ல மெல்லக் கொறச்சு மூணு மாசத்துல நிறுத்தறதுதான் வழக்கம். நாலு நாள் மென்னுட்டு சரியாயிட்டேன்னு நிறுத்தாதீங்க.

அதுலயும் நிகோடின்தானே இருக்குன்னு கேப்பீங்க. இருக்குங்க. ஆனா கேன்சரும் மூச்சு நோயும் வர வெக்கறது எரியற பொகையிலையோட பொகையில இருக்கற தாரும் மத்த விஷங்களும். கம்ல அது கெடையாது, நிகோடினை மட்டும் கணக்கா குடுத்து கணக்கா கொறைக்கறோம். 2022ல நாட்டோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயும் இந்த நிகோடின் மருந்துகளைச் சேத்துட்டாங்க, அதனால அரசு ஆஸ்பத்திரியில இருப்பு இருக்கான்னு கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல. இருப்பு இல்லாம வெளிய வாங்க வேண்டி வந்தாலும் 15 சிகரெட்டுக்கு நீங்க குடுக்கற காசை விட பெரும்பாலும் கொறவாத்தான் ஆகும். தோல்ல ஒட்டற பேட்சும் உண்டு. வாரெனிக்கிளின், புப்ரோபியான்னு மாத்திரைங்களும் இருக்கு, நல்லாவே வேலை செய்யும், ஆனா டாக்டர் சீட்டுல மட்டும்தான், அதுவும் வலிப்பு வந்தவங்களுக்கு புப்ரோபியான் ஆகவே ஆகாது. மத்தவங்களுக்கு எழுதினதை வாங்கிப் போட்டுக்காதீங்க.

டீயைப் பத்தி இன்னொண்ணு. பொகையில இருக்கற சில பொருள், ஒடம்புல காபின் கரையற வேகத்தைக் கூட்டி வெச்சிருக்கும். சிகரெட்ட நிறுத்தினதும் அந்த வேகம் கொறஞ்சுடும், அதே ஆறு டீ குடிச்சாலும் ரத்தத்துல காபின் முந்தி இருந்ததை விடக் கூடத் தங்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, இதெல்லாம் சிகரெட் இல்லாததால வருதுன்னு நெனைச்சு மறுபடி பத்த வெக்கறாங்க, பாதி அந்த டீ பண்ற வேலை. மொத மாசம் டீயைப் பாதியாக் கொறைங்க. சுகருக்கும் நல்லதுதானே.

தேதி எப்ப வெக்கறதுன்னா, கார்த்திகை வரட்டும்னு காத்திருக்காதீங்க. இன்னைல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு நாள், அதுவும் டே ஷிப்ட் வர்ற வாரமா பாத்து வெச்சுக்கங்க, நைட் ஷிப்ட்டும் தூக்கமின்மையும் சேந்தா மொத வாரம் ரொம்பக் கடுமையா இருக்கும். அதுக்கு முந்தின நாள் டீக்கடை அண்ணன்கிட்ட போயி நோட்டுல இருக்கற சிகரெட் கணக்கை முழுசா தீத்துடுங்க. தீத்துட்டு "அண்ணா, நான் கேட்டாலும் குடுக்காதீங்க, மாலை போட்டிருக்கற மாதிரியே நெனச்சுக்கங்க"ன்னு சொல்லுங்க. வருசா வருசம் 48 நாள் உங்களுக்குக் குடுக்காம பழக்கப்பட்டவருதானே, அவருக்கு இது புதுசில்ல. ஷிப்ட்ல கூட இருக்கற ரெண்டு பேர்கிட்டயும் தேதியைச் சொல்லிடுங்க. பஞ்சு இருக்கற எடம்ங்கறதால மில்லுக்குள்ள தீப்பெட்டியே கொண்டு போக விட மாட்டாங்க, அதனால ஷிப்ட்டு நடக்கற அத்தனை மணி நேரமும் நீங்க ஏற்கனவே இல்லாமத்தான் இருக்கீங்க. உங்களுக்கு ஆபத்தான நேரம்னா எந்திரிச்ச அரை மணி, பிரேக்குல கேட்டுக்கு வெளிய போற பத்து நிமிசம், ஷிப்ட் முடிஞ்சு ஊட்டுக்கு வர்ற வழி, அப்புறம் கெடா வெட்டு விருந்து. பிரேக்குக்கு மட்டும் ரெண்டு மாசம் கேட்டைத் தாண்டாதீங்க, கேன்டீன்லயே இருந்துக்கங்க. விருந்துன்னா சாப்பிட்டதும் கெளம்பிடுங்க, தண்ணியோட உக்காந்தீங்கன்னா எவ்வளவு பெரிய உறுதியும் நிக்காது, நான் பாத்தவரைக்கும் பல மாசம் விட்டிருந்தவங்க மறுபடி ஆரம்பிச்சது பெரும்பாலும் அந்த எடத்துலதான். ஆசை வந்து அடிக்கறது மூணுல இருந்து அஞ்சு நிமிசம்தான், அதுக்குள்ள ஒரு சொம்பு தண்ணி குடிச்சு, சித்த தூரம் நடந்துட்டு வந்தா எறங்கிடும்.

ஊட்டுல அம்மிணிகிட்ட "நீயும் உதவி பண்ணு"ன்னு மட்டும் சொன்னா அவங்களுக்கு என்ன பண்றதுன்னே தெரியாது, ஜோப்பைத் தடவறதும் வாயை மோந்து பாக்கறதும்தான் உதவின்னு நெனச்சுக்குவாங்க, அதுல சண்டைதான் வரும். எந்த அரை மணிதான் உங்களுக்கு முடியாத நேரம்னு வெவரமா சொல்லுங்க. காலைல எந்திரிச்சதும் குளிக்கத் தண்ணி எடுத்து வெச்சு அப்படியே பாத்ரூமுக்குத் தள்ளி விடச் சொல்லுங்க, மாலை போட்டப்ப பண்ணின அதே காரியம்தான். மொத ரெண்டு வாரம் எரிஞ்சு விழுவேன், மனசுல வெச்சுக்காதேன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. புள்ளைங்ககிட்ட தேதியைச் சொல்லலாம், ஆனா காவல் வேலையை அவங்க தலையில கட்டாதீங்க.

பீடிக்கு மாறிக்கறது, ஹான்ஸ், கூல் லிப்னு வாயில ஒதுக்கற பொகையிலை வெச்சுக்கறது, இதெல்லாம் விட்டதாவே கணக்கில்லீங்க. பீடி நெருப்பு அணையாம இருக்க அடிக்கடி இழுக்கணும், சிகரெட்டுக்கு ஒரு பங்கும் கொறஞ்ச விஷம் இல்ல. வாயில வெக்கறது நேரா வாய்க் கேன்சருக்கு வழி. எலக்ட்ரானிக் சிகரெட்ட 2019லயே நாடு முழுக்கத் தடை பண்ணியாச்சு. வாட்ஸ்அப்புல "அவங்களுக்கே தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுங்க"ன்னு விக்கற பொடியை ஊட்டுல யாரும் வாங்கிடாம பாத்துக்கங்க, அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, நீங்க சுகருக்கு மாத்திரை சாப்பிடறவரு.

சுகர்னதும் இதையும் சொல்லணும். சிகரெட் இன்சுலின் வேலை செய்யறதையே தடுக்கும், அதனால விட்டா சுகர் கட்டுப்பாடு நாளடைவுல சுலபமாகும். ஆனா விட்ட புதுசுல பசி கூடும், ஆளு கொஞ்சம் எடை போடுவீங்க, வாய்க்குப் பதிலா முறுக்கும் பன்னும்னு போனா சுகர் ஏறும், அதனால மொத மூணு மாசம் சுகரை அடிக்கடி பாத்துக்கங்க, சிகரெட்ட நிறுத்திட்டேன்னு சுகர் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க. வாய்க்கு ஏதாச்சும் வேணும்னா நெல்லிக்காய், வெள்ளரி, சீரகம் எதையாச்சும் வெச்சுக்கங்க.

நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா கார்டிங்னு படிச்சதும் எனக்கு மனசு கேக்கல. லீவு முடிஞ்சு வேலைக்குப் போற மொத நாள் நெஞ்சு இறுக்கமா, மூச்சு அடைக்கற மாதிரி இருந்து, வாரம் போகப் போக கொறையுதான்னு கவனிங்க. பஞ்சுத் தூசியால வர்ற பிசினோசிஸ் நோய் அப்படித்தான் ஆரம்பிக்கும், கார்டிங்லயும் பஞ்சை உதறிச் சுத்தம் பண்ற ப்ளோ ரூம்லயும் தூசி ஜாஸ்தி, அதோட பொகையும் சேந்தா நுரையீரல் கெடற வேகம் ரொம்பக் கூடும். அப்படி இருந்தா இஎஸ்ஐ டாக்டர்கிட்ட சொல்லி ஊதிப் பாக்கற டெஸ்ட் எடுத்துடுங்க, அது ஒடம்புக்கு ஒரு சிரமமும் இல்லாத டெஸ்ட். சிகரெட்ட விட்ட மொத சில வாரம் இருமலும் சளியும் கொஞ்சம் கூடலாம், நுரையீரல் தன்னைத்தானே சுத்தம் பண்ண ஆரம்பிக்குது, அதுக்குப் பயந்து திரும்பிடாதீங்க. ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், பொழுதோட காய்ச்சல், எடை எறங்கறது, சளியில ரத்தம், இதுல எது இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில சளி டெஸ்ட் இலவசமாவே பண்ணுவாங்க. சுகரும் சிகரெட்டும் சேந்தா காசநோய் வர வாய்ப்பு கூட, அதுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்றேன்.

நடுவுல எப்பவாச்சும் ஒண்ணு பிடிச்சுட்டீங்கன்னா, "அவ்வளவுதான், எல்லாம் போச்சு"ன்னு முழு டப்பா வாங்கிடாதீங்க. அந்த ஒண்ணோட நிறுத்திட்டு அன்னைக்கே அந்த 1800 நம்பரைக் கூப்பிட்டு எந்த எடத்துல, யாரு கூட இருந்தப்ப பிடிச்சீங்கன்னு சொல்லுங்க, ஏற்பாட்டுல எங்க ஓட்டைன்னு அவங்க பாப்பாங்க, கம்மோட அளவைக் கூட்டணுமான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க. வர்ற கார்த்திகையில வழக்கம்போல மாலை போடுங்க, ஆனா கழட்டறதுக்கு முந்தின வாரமே ஒருக்கா கவுன்சிலரைக் கூப்பிட்டுப் பேசிடுங்க, டீக்கடை அண்ணன்கிட்டயும் இன்னொரு தடவை சொல்லி வெச்சுடுங்க, ஏன்னா அந்த ரெண்டாம் நாளுதான் வருசா வருசம் உங்களைப் புடிச்சு இழுக்குது. டாக்டர் என்ன மருந்து, எத்தனை மில்லின்னு எழுதினாங்கன்னு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க, சுகர் மாத்திரை பேரையும் சேத்து எழுதுங்க, ரெண்டுக்கும் ஒத்து வருதான்னு பாத்துச் சொல்றேன்.